தேநீர் நிறக் கோடுகள்

...ஆக, இதைப் பொய் என்று சொல்வதா, பொறுமை என்று சொல்வதா, முதலில் அதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். கூண்டுக்குள் முழந்தாளிட்ட பிறகு யோசித்துக்கொண்டிருக்க முடியாது, வலைத்தட்டிக்கு அப்பால் பங்குச்சாமி காதைச் சாய்த்துக் காத்திருப்பார், வெளியே இருப்பவர்கள் இருமத் தொடங்குவார்கள், சாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு மனிதன் நெடுநேரம் எடுத்துக்கொண்டால் அவன் பாவம் பெரியது என்றுதான் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தோன்றும்... தோன்றட்டுமே, அதுவும் ஒரு தாழ்ச்சிதானே என்று எண்ணிய அந்த விநாடியே அவருக்குத் தன்மேல் அலுப்பு வந்தது, எதைத் தொட்டாலும் அதைத் தன் தாழ்ச்சியோடு சேர்த்து முடிந்துகொள்கிற இந்தப் புத்தியை எந்தக் கொடியில் போட்டு உலர்த்துவது? சனிக்கிழமை பிற்பகல், மணி நாலைத் தாண்டிவிட்டது, கோவிலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு நீண்ட பெஞ்சு, ஒருவர் எழுந்து கூண்டுக்குள் போனால் மற்றவர்கள் அனைவரும் ஓரிடம் நகர்ந்து உட்கார வேண்டும், இத்தனை வருட நகர்தலில் பலகை வழுவழுவென்று ஆகிவிட்டது, பாவிகள் இழைத்த பலகை என்று அவருடைய மனைவி சொல்வாள், தச்சனுக்குக்கூட இவ்வளவு நன்றாக இழைக்க வராதாம். காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு வரை மருத்துவமனையில் நீராவிக்கு முன்னால் நின்ற கால்கள், முழங்காலுக்குக் கீழே யாரோ ஈரமணலை அடைத்துத் தைத்துவிட்டதுபோல் கனத்தன, உட்கார இடம் கிடைத்ததே பெரிது என்று உடம்பு சொன்னது, உட்காராதே, எழுந்து வெளியே போய் அந்தத் தொலைபேசியை எடு என்று வேறொன்று சொன்னது, அதற்கு அவர் இன்னும் முகம் கொடுக்கவில்லை.

எல்லாம் சில மாதங்களுக்கு முன் கோவிலில் நடந்த அந்தத் தியானத்தில் தொடங்கியது. மூன்று நாள் தியானம், வெளியூரிலிருந்து வந்த சாமியார், கணீரென்ற குரல், தலையான பாவங்கள் ஏழில் ஆங்காரத்தைப் பற்றி மட்டும் ஒருநாள் முழுவதும் பேசினார், கேட்கக் கேட்க இவருக்குத் தன் சட்டையைத் திருப்பிப் போட்டு எல்லாருக்கும் காட்டுவதுபோல் இருந்தது. கடைசி நாளில் ஒரு பயிற்சி கொடுத்தார், காலையில் கால்சட்டையின் இடப்பையில் ஏழு ஊக்குகளைப் போட்டுக்கொள்ளுங்கள், நாளுக்குள் எங்கெல்லாம் உங்களைத் தாழ்த்திக்கொள்கிறீர்களோ அங்கெல்லாம் ஓர் ஊக்கை வலப்பைக்கு மாற்றுங்கள், வாக்குவாதத்தில் கடைசிச் சொல்லை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் ஒன்று, செய்யாத தவறுக்குப் பழி வந்து வாய் திறவாமல் ஏற்றுக்கொண்டால் அது ஏழுக்கும் சமம். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார், ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் ஊக்கு மாற்றி விளையாடுவதா என்று கேட்கத் தோன்றவில்லை. துணி துவைக்கும்போது மனைவி வலப்பையிலிருந்து ஏழையும் எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் காட்டினாள். "என்னங்க, இன்னைக்கு ஏழு தடவையா பணிஞ்சு போனீங்க? வீட்டுல ஒண்ணுகூட விழலையே, எல்லாத்தையும் வெளியிலயே செலவு பண்ணிட்டு வந்துட்டீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை, பதில் சொல்லாததற்கு ஓர் ஊக்கு உண்டா என்று மனம் ஓடியது, கால்சட்டைதான் துவைக்கக் கிடக்கிறதே, மாற்றப் பை எங்கே... இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கும் அளவுக்குத் தெம்புதான் இல்லை.

அந்த ஏழுக்குச் சமமானது ஒன்பது நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை கிடைத்தது. அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரட்டையாகப் பொதிந்து, மேலே ஒரு நாடாவை ஒட்டி நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவது அவர் வேலை, இருபத்திரண்டு வருட வேலை. அந்த நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும், நீராவியின் சூடு சரியாக ஏறினால் அவை கறுக்கும், கறுக்காத பொதியை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடக்கூடாது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற சட்டம் அது. அன்றைக்குத் தியேட்டர் சிஸ்டர் ஒரு பொதியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார், இது எப்படி மேலே வந்தது என்றார், மேற்பார்வை அம்மாள் அறையிலிருந்து வெளியே வந்தார், அந்த ஷிஃப்டில் இருந்த மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள், இவர், வண்டி தள்ளும் பெண், அப்புறம் நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த இளைய கூட்டாளி. நெட்டையன் ஏற்கெனவே இரண்டு முறை எழுத்துமூலம் எச்சரிக்கை வாங்கியவன், மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். இவர் நாடாவைப் பார்த்தார், கோடுகள் வெளுப்பாக இல்லை, கறுப்பாகவும் இல்லை, பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம். இயந்திரத்துக்குள் போகவே போகாத பொதிக்கு அந்த நிறம் வராது. ஒரு கண்ணிமைப்பில் எல்லாம் தெரிந்தது, காலையில் தன் கையாலேயே அதை இரண்டாம் இயந்திரத்தின் கீழ்த்தட்டில், கதவோரம், தண்ணீர் வடியும் துளைக்குப் பக்கத்தில் வைத்தது, சாமான் நிறைந்திருந்ததால் இடித்துச் செருகியது, அந்த மூலையில் குளிர்ந்த காற்று தங்கிவிட்டால் சூடு ஏறாது... சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தது. அதற்குள், மெஷின்மேல் பழியைப் போடுவது எல்லாரும் செய்வதுதானே என்று உள்ளே ஒரு குரல், அந்தச் சாமியாருடைய அதே கணீர்க் குரல் ஒலித்தது, "நான்தான் மேடம், மெஷின்ல வைக்க மறந்துட்டேன், வச்சதோட கலந்து மேல அனுப்பிட்டேன்" என்று அவர் வாய் சொன்னது. சொன்னபோது காதுமடல்கள் சூடாயின, அது வெட்கத்தின் சூடு என்று அன்று நினைத்தார், வேறு ஏதோ ஒரு சூடு என்று இப்போது தோன்றுகிறது. மாலையில் ஏழு ஊக்குகளையும் ஒரே பிடியாக வலப்பைக்கு மாற்றினார், அவை ஒன்றோடொன்று உரசிய ஓசை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் கூட்டத்தில் மேற்பார்வை அம்மாள் எல்லாருக்கும் முன்னால் அவரைக் காட்டிப் பேசினார், தப்பு எல்லாரும் பண்றோம், அதை ஒத்துக்கிற மனசு இந்த அண்ணாவுக்குத்தான் இருக்கு, கத்துக்கங்க. நெட்டையன் தேநீர் வாங்கி வந்து தந்தான், "உங்களை மாதிரி ஆளு இந்தக் காலத்துல எங்க இருக்காங்க, என் தலை தப்பிச்சுது" என்றான், பாவம், தன்மேல் குற்றமே இல்லாதபோதும் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது கால் வலியே தெரியவில்லை, அது ஒன்றே போதாதா, எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டாமா? நாலைந்து நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தார், தன் கை இரண்டாம் இயந்திரத்தின் கீழ்த்தட்டுக்குப் போகவில்லை, முதல் இயந்திரத்தை நிரப்புகிறது, இரண்டாவதில் மேல்தட்டோடு நின்றுகொள்கிறது, கீழே வெறும் கிண்ணங்களை வைத்து அடைக்கிறது. கைக்குத் தெரிந்திருக்கிறது. வாய்தான் புண்ணியம் சம்பாதித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. இவருடைய கை இவருடைய ஷிஃப்டில் மட்டும்தான் இருக்கும், பிற்பகல் ஷிஃப்டில் வேறு கைகள், அவர்கள் மூலை முடுக்கெல்லாம் நிரப்புகிறவர்கள், அந்த மங்கலான விளக்கில் பழுப்பைக் கறுப்பென்று எடுத்துக்கொள்கிறவர்கள். காலையில் வெறும் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனையில் அது ஒழுங்காகத் தேறிவிடுகிறது, நிறைந்தால்தான் கோளாறு. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைப் பட்டியல் நீளமானது, இரண்டு மணிக்கு இவர் கிளம்பும்போதே மேசைமேல் பொதிகள் மலையாகக் குவிந்திருந்தன, ஐந்து மணிக்கு ஏற்றுவார்கள், இரண்டு இயந்திரத்தையும் நிரப்பித்தான் ஏற்றுவார்கள்... அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாலே கால்.

"நீங்க முன்னாடி போங்க." யார் சொன்னது? அவரேதான். பக்கத்தில் இருந்த தையற்கார அம்மாள் எழுந்து போனார், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண்ணுக்கும் முன்பே இடம் விட்டாகிவிட்டது, இப்போது அவருக்கு அடுத்தாற்போல் ஓய்வுபெற்ற தபால்காரர், எண்பது வயது, காது சரியாகக் கேட்காது. "நீங்க போங்கய்யா" என்று அவருக்குக் கையால் சாடை காட்டினார். தபால்காரர் கோவிலே எதிரொலிக்கும்படி, "உங்களுக்கு எப்பவுமே பெரிய மனசு" என்றார், நாலு தலைகள் திரும்பி இவரைப் பார்த்து மெல்லப் புன்னகை செய்தன. பெரிய மனசா? மூன்று பேருக்கு வழிவிட்டாகிவிட்டது, மூன்று பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள், பயந்து பின்வாங்குகிறவனுக்குக்கூட இந்தப் பெஞ்சில் நல்ல பெயர் கிடைக்கிறது. தபால்காரர் கூண்டுக்குள் போய்த் திரையை இழுத்ததும் வழக்கம்போல் பெஞ்சில் இருந்தவர்கள் அனைவரும் ஜெபமாலையைக் கையில் எடுத்தார்கள், பக்தியினால் அல்ல, அவர் சொல்வது தெருவரைக்கும் கேட்கும், அதைக் கேட்ட பாவம் தங்களுக்கு வேண்டாம் என்று எல்லாருமாக உரக்க ஜெபிப்பது இங்கே எப்போதோ ஏற்பட்டுவிட்ட ஒழுங்கு. அப்படியும் இரண்டு அருள்நிறை மந்திரங்களுக்கு நடுவில், மூச்சு விடும் இடைவெளியில், "எத்தனை தடவையா? அதையெல்லாம் யாரு சாமி எண்ணினா, மருமகளைக் கேட்டா சொல்லுவா" என்று வந்து விழுந்தது, தையற்கார அம்மாள் சாமி விதித்த அபராத ஜெபத்தின் நடுவே முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார். இந்தக் கிழவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது, மருமகளைத் திட்டினார், திட்டினேன் என்கிறார், முடிந்தது. தன் பாவத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மடிப்பு, ஒன்றைப் பிரித்தால் உள்ளே இன்னொன்று, அதைப் பிரித்தால் தன் முகமே எட்டிப் பார்க்கிறது?

நாளைக்கு வேறு பிள்ளைகளுக்கு அவர் எடுக்கிற மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது, பாடம் தாழ்ச்சி, இவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் இந்தப் பங்கில் உண்டா? பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னால்தான் காது திறக்கும், ஒன்றை உருட்டிப் பார்த்தார்... ஓர் ஊரில் ஒரு சேவல் இருந்தது, தினமும் விடியலில் கழுத்தை நீட்டிக் கூவும், ஊரே அதன் குரலுக்குத்தான் விழித்தது. ஒருநாள் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது, இப்படி உயரத்தில் ஏறி நின்று ஊரைக் கூட்டுவது தற்பெருமை அல்லவா என்று. உடனே வைக்கோலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, நான் எம்மாத்திரம், விடியலை அறிவிக்க எனக்கு என்ன தகுதி என்று மௌனமாகிவிட்டது. ரொட்டி சுடுகிறவர் எழவில்லை, மாட்டுக்காரர் எழவில்லை, மருத்துவச்சி எழவில்லை, பக்கத்து வீட்டில் பிள்ளை பெறும் பெண்... இல்லை, இது பிள்ளைகளுக்குச் சொல்லும்படியாகப் போகவில்லை. சிரிப்பில் முடியவேண்டிய கதை, எங்கே கோணிக்கொண்டது? அந்தச் சேவலைத் திட்டவும் முடியவில்லை, அது உண்மையிலேயே நல்ல சேவலாகத்தான் இருக்க நினைத்தது. வைக்கோலுக்குள் அதற்கு எவ்வளவு கதகதப்பாக இருந்திருக்கும்... திரை விலகியது, தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் தெளிந்து வெளியே வந்தார், இனி இவருக்குப் பின்னால்தான் ஆட்கள் இருந்தார்கள், முன்னால் யாரும் இல்லை. நாலு ஐம்பது. உள்ளே போய்ச் சொன்னால் மன்னிப்பு கிடைக்கும், அதில் ஐயமில்லை, சாமி கையை உயர்த்துவார், மனம் லேசாகிவிடும், லேசான மனத்தோடு வெளியே வரும்போது அங்கே இயந்திரத்தின் கதவு மூடியிருக்கும். அவர் எழுந்தார், கூண்டைத் தாண்டிப் பக்கவாசலுக்கு நடந்தார், பெஞ்சில் இருந்த யாரோ, "என்னங்க, போகலையா?" என்றார்கள்.

வெளியே மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று எண்ணை அழுத்தினார். மேற்பார்வை அம்மாள் வீட்டில் இருந்தார், பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தம். "சொல்லுங்கண்ணா, வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?" அன்றைக்குச் சொன்னது பொய் என்றார் இவர், மறக்கவில்லை, வைத்தேன், இரண்டாவது மெஷினில் கீழ்த்தட்டில் வைத்தேன், அந்த மூலையில் சூடு ஏறவில்லை. மிக்ஸி நின்றது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார், கோபித்திருந்தால்கூடத் தேவலை. "யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க? நெட்டையன் வந்து உங்ககிட்ட அழுதானா? அது முடிஞ்சுபோன விஷயம்ணா. நீங்க ரொம்ப நல்லவர், அதான் உங்ககிட்ட பிரச்சனையே, நடந்ததையே நெனச்சு மனசைப் போட்டு வருத்திக்கிறீங்க." தன் நல்ல பெயரே முன்னால் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? காலையில சோதனையில சரியாத்தானே வருது, திங்கக்கிழமை பேசிக்கலாம் என்றது குரல். காலி மெஷினில் வரும், நிறைந்தால் வராது, அஞ்சு மணிக்கு ஏற்றுகிறார்கள், இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். "அண்ணா, உங்களுக்கு ஒடம்பு ஏதாவது..." அப்போதுதான் அது அவரிடமிருந்து வந்தது, இத்தனை மாதமாக நாக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. "இருபத்திரண்டு வருஷமா அந்த மெஷின் முன்னாடி நிக்கறேன். இந்த விஷயத்துல உங்களைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அங்க என்னைவிடத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க." மறுமுனையில் யாரோ பாத்திரத்தை வைக்கும் ஓசை. "சரி. நிறுத்தச் சொல்றேன்." குரலில் பழைய ஈரம் இல்லை. பிறகு, "அப்ப இந்த ஒம்பது நாளா அந்த மூலையில வச்சு எடுத்த டிரே? அதெல்லாம் யார் யாருக்குப் போச்சு?" என்றார். அந்த அம்மாளே மேலே தொடர்ந்தார். "நான் இப்பவே அங்க போறேன், பட்டியல் எடுக்கணும். நீங்க திங்கக்கிழமை எட்டு மணிக்கு என் ரூமுக்கு வாங்க." அண்ணா என்ற சொல்லைச் சேர்க்கவில்லை.

திரும்பி வந்து பெஞ்சின் கடைக்கோடியில் உட்கார்ந்தார், பலகை குளிர்ந்திருந்தது. யார் யாருக்குப் போயிற்று... அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தலைக்குள் இடம் ஒதுக்கி வைத்திருந்தாரே. பொய், அதற்கு ஓர் இடம், வீண்பெருமைக்கு ஓர் இடம், கோழைத்தனத்துக்கு ஓர் இடம், இப்போது பேசிய ஆணவப் பேச்சுக்கும்கூட ஓர் இடம் பார்த்துக்கொண்டுதான் படியேறினார். காலையும் மாலையும் ஆத்தும சோதனை செய்த ஒன்பது நாட்கள், துணியை விளக்குக்கு நேரே பிடித்துக் கறை தேடுவதுபோலத் தேடியிருக்கிறார். அந்த வியாழக்கிழமை சிஸ்டர் மூச்சு வாங்க இறங்கி வந்தாரே, அப்போது மாடியில் விளக்குக்குக் கீழே யாரோ மயங்கிப் படுத்திருந்திருப்பார்கள் அல்லவா, வயிற்றில் மருந்து பூசி, வேறு பொதி வரும்வரை, வெளியே பெஞ்சில் அவர்களுக்காகவும் யாரோ உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியிருப்பார்கள். ஆணா, பெண்ணா, குழந்தையா? அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாள் கூட்டத்திலும் கேட்கவில்லை, இதோ இவ்வளவு நேரம் இந்தப் பலகையில் தன்னைத் தானே புரட்டிப் புரட்டிப் பார்த்தபோதும் ஒருமுறைகூட அந்த முகம் குறுக்கே வரவில்லை. அந்த அறுவை மேசையிலும் கிடந்ததெல்லாம் இவர் மட்டுமே. இதற்குப் பெயர் உண்டா, ஏழில் இது எதில் சேரும்? பெஞ்சு நகர்ந்தது, அவர் நகர்ந்தார், மறுபடியும் நகர்ந்தார், இந்த முறை யாருக்கும் இடம் விடவில்லை, அது நினைவிலும் வரவில்லை. முறை வந்தபோது உள்ளே போய்த் திரையை இழுத்து, மூட்டு முறிகிற ஓசையோடு முழந்தாளிட்டார், வலைத்தட்டிக்கு அப்பால் சாமியின் மூச்சுச் சத்தம் கேட்டது, சாமியும் காலையிலிருந்து களைத்துத்தான் இருப்பார். "சொல்லுங்க" என்றார் சாமி. அடுக்கி வைத்திருந்த வரிசையில் முதலாவதை எடுக்க வாயைத் திறந்தார், எடுக்கத் தோன்றவில்லை, "சாமி, ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்," என்றார், "அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."